மார்ட்டினுக்குத் தேதி வைத்தவர்

திருக்கழுக்குன்றத்தில் கோதண்டராமனைத் தெரியாதவர்கள் சிலர் இருக்கக்கூடும். மார்ட்டினைத் தெரியாதவர் எவரும் இல்லை. கல்யாண வயதில் பிள்ளையோ பெண்ணோ உள்ள வீடுகள் மார்ட்டினைக் கேட்காமல் தட்டு மாற்றியதில்லை. மார்ட்டின் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான். அதற்கு மேல் போய்க் கேட்க, செங்கல்பட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஆள் கிடையாது.

மார்ட்டின் ஒரு லேப்டாப். கறுப்பு நிறம், தூக்கினால் அம்மிக்கல்லின் தங்கை. ஏதோ ஒரு வெளிநாட்டு அலுவலகத்தில் மார்ட்டின் என்ற அதிகாரியிடம் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, கப்பலேறி, சென்னை ரிச்சி தெருவின் பழைய சாமான் கடைகள் வழியாக 2003இல் கோதண்டராமனின் கைக்கு வந்து சேர்ந்தது. திறந்ததும் மார்ட்டின் என்ற பெயரைக் காட்டி ரகசியச் சொல் கேட்கும். அந்தச் சொல் கோதண்டராமனுக்கு இன்றுவரை தெரியாது. ஓரத்தில் இருக்கும் எஸ்கேப் பட்டனை அழுத்தினால் போதும், ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டுவிடும். இவ்வளவு பெருந்தன்மையான காவல்காரனை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. முதன்முதலில் ஜாதகம் பார்க்க வந்தவர்கள், யார் இந்த மார்ட்டின் என்று கேட்டபோது, சிஸ்டத்தின் பெயர் அதுதான் என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டார். பெயர் நிலைத்துவிட்டது. பெருமாள் கோயில் தெருப் பெண்கள் சிலர் 'மார்ட்டின் சார்' என்றே சொன்னார்கள்.

கோதண்டராமனுக்கு ஜோசியம் தெரியாது. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை; அவருடைய வெற்றிக்கு அடிப்படையே அதுதான். தொண்ணூறுகளில் அவர் பஸ் நிலையத்தின் பின்னால் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் வந்தது, பெண்கள் டைப்ரைட்டிங் படிப்பதை நிறுத்தினார்கள், மெஷின்கள் இரும்புக் கடைக்குப் போயின. தன் பிழைப்பைக் கெடுத்த சாதனத்தாலேயே ஊரார் பிழைப்பைக் கெடுப்பது என்று அவர் முடிவெடுத்தது அப்போதுதான் என்று விரோதிகள் சொல்வார்கள். உண்மையில் அவருக்கு அப்படி எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. ஜாதகம் பார்க்கும் சாஃப்ட்வேர் ஒன்று கிடைத்தது. பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் பிழையில்லாமல் தட்டச்சு செய்ய அவருக்குத் தெரியும். மீதியைச் சாஃப்ட்வேர் பார்த்துக்கொண்டது.

ஆனால் மார்ட்டினைப் பராமரிப்பது சாமானியப்பட்ட காரியமல்ல. யானை கட்டித் தீனி போட்டவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் புரியும். அடியில் கொதிக்கும், மடியில் வைத்து வேலை பார்த்த முதல் நாளே வேட்டியைத் தாண்டித் தொடையில் தழும்பு போட்டது. அன்றிலிருந்து ஒரு முறத்தைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துக்கொண்டார். சார்ஜர் ஒயரை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வளைத்துப் பிடித்தால்தான் கரண்ட் ஏறும். வளைந்த இடத்தில் மகாபலிபுரத்தில் வாங்கிய மாவுக்கல் பிள்ளையாரை வைத்து அமுக்கினார். வந்தவர்கள் அந்தப் பிள்ளையாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆயுத பூஜைக்கு வைத்த விபூதியும் குங்குமமும் காற்றுப் போகும் ஓட்டை வழியே உள்ளே இறங்கி, மறுநாளிலிருந்து மார்ட்டின் கிழவன் மாதிரி இருமத் தொடங்கியது. பேட்டரி விஷயத்தில் மார்ட்டின் முழுப் பொய்யன். பச்சைக் கட்டம் நிறைய இருக்கிறது என்று காட்டிக்கொண்டே இருக்கும். பேச்சுவாக்கில் ஒரு வார்த்தை சொல்லாமல் கண்ணை மூடிவிடும்.

இதெல்லாம் வெளியில் தெரிந்த குறைகள். வெளியில் தெரியாத குறை ஒன்று இருந்தது. லேப்டாப்பின் உள்ளே, பெரிய பேட்டரியைத் தவிர, காசு அளவில் குட்டிப் பேட்டரி ஒன்று உண்டாம். இன்றைக்கு என்ன தேதி என்பதை நினைவில் வைத்துக்கொள்வதுதான் அதன் ஒரே வேலை. மார்ட்டினின் குட்டிப் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. அதனால், அணைந்து மறுபடி எழும்போதெல்லாம் மார்ட்டினுக்கு அன்று 1999 ஜனவரி முதல் தேதி, நள்ளிரவு பன்னிரண்டு மணி. செங்கல்பட்டில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினார். பிரித்தால்தான் மாற்ற முடியும், பிரித்த பிறகு எழுந்திருக்குமா என்பதற்கு உத்தரவாதம் தர முடியாது என்றார் அவர். கோதண்டராமன் மார்ட்டினை மார்போடு அணைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

தேதி தவறினால் கடிகாரம்தானே தவறும் என்று நினைக்கக்கூடாது. ஜாதகத்தில் திசை என்று ஒன்று உண்டு. ஒரு கிரகத்தின் ஆட்சிக் காலம். பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரே சமயத்தில் திசை மாறினால் அது தசா சந்தி; கல்யாணம் கூடாது என்பார்கள். வரப்போகும் நாட்களில் சந்தி உண்டா என்று சாஃப்ட்வேர் பார்க்கும்போது, லேப்டாப் எந்தத் தேதியைச் சொல்கிறதோ அங்கிருந்துதான் எண்ணும். லேப்டாப் 1999 என்றால், என்றைக்கோ நடந்து முடிந்ததையெல்லாம் இனிமேல் வரப்போகிற ஆபத்தாகச் சொல்லும். உண்மையில் வரப்போவதைக் கண்டுகொள்ளாது.

எனவே கோதண்டராமன் ஒவ்வொரு முறையும் மார்ட்டினுக்குத் தேதி வைத்தார். பையில் எப்போதும் ஒரு தினசரி காலண்டர் இருக்கும். லேப்டாப் எழுந்ததும் காலண்டரை எடுத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தாளைப் பார்த்து, நாலு பட்டனைத் தட்டுவார். ராகுகாலம் பார்க்கிறார் என்று ஜனங்கள் கைகட்டிக் காத்திருந்தார்கள். அவர் மறுக்கவில்லை.

அதன் பிறகு அவருடைய புகழ்பெற்ற முறை. பலன் வந்ததும் தான் பார்க்கமாட்டார். முறத்தோடு திரையை வந்தவர்கள் பக்கம் திருப்பி, "நீங்களே படிச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பார்ப்பார். ஒளிவுமறைவு கிடையாது, கைவேலை கிடையாது. மார்ட்டின் சொன்னதை அவர்களே தங்கள் வாயால் படித்துத் தங்கள் காதால் கேட்டுக்கொள்ளலாம். பெண்ணைப் பெற்றவர்கள் படித்துவிட்டு அழுவதும் அவருக்குக் கூரையைப் பார்த்தபடியே கேட்கும்.

அப்படி அழுதவர்களில் ஒருவர் சதுரங்கப்பட்டினத்து ஞானம்மாள். புருஷன் இல்லாதவர், ரேணுகா என்று ஒரே பெண். கேளம்பாக்கத்தில் மின்சாமான் கடை வைத்திருந்த ஒரு பிள்ளைக்குப் பேசி, இரண்டு பக்கமும் பிடித்துப்போய், பூ வைக்கும் நாள் குறிப்பதுதான் பாக்கி என்ற நிலையில் மார்ட்டினிடம் வந்தார்கள். நடுவில் கரண்ட் போய் வந்தது. மார்ட்டின், தசா சந்தி என்றது. இன்னொரு தடவை போட்டுப் பார்க்கச் சொல்லி ஞானம்மாள் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். கோதண்டராமன் கூரையிலிருந்து கண்ணை இறக்காமலே, "மார்ட்டின் ஒரு தபா சொன்னா சொன்னதுதாம்மா. சாமிகிட்ட ரெண்டாந்தரம் கேப்பியா நீ?" என்றார். அந்தப் பிள்ளைக்கு மூன்றே மாதத்தில் வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. ரேணுகா அப்படியே நின்றுவிட்டாள்.

காலச்சக்கரம் சுழன்றது என்று எழுதினால் கோதண்டராமனுக்குப் பிடிக்கும். அவருடைய சொந்த மகள் கண்ணகிக்குக் கல்யாண வயது வந்து, கொஞ்சம் தாண்டவும் தொடங்கியது.

கண்ணகி கல்பாக்கம் டவுன்ஷிப் வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் உட்காருபவள். வீட்டில் மார்ட்டினின் ஒயரைச் சரியான கோணத்தில் வைக்கத் தெரிந்த இரண்டாவது ஆள். ஜெயகிருஷ்ணன் என்ற பிள்ளை அங்கே அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன். அடிக்கடி ஜெராக்ஸ் எடுக்க வருவான். ஒரே ஆதார் காகிதத்தை, மன்னிக்கவும், அப்போது ஆதார் ஏது, ஒரே ரேஷன் கார்டை ஒரு மனிதன் எத்தனை முறை ஜெராக்ஸ் எடுக்க முடியும் என்று கடைக்காரரே கேட்டுவிட்டார். அதன் பிறகு பிள்ளை வீட்டில் பேசினான். அவன் அப்பா ராஜாராம், லாரி வைத்திருப்பவர், விசாரித்துவிட்டுச் சம்மதித்தார். கண்ணகியிடம் அம்மா ருக்மிணி கேட்டபோது, கேள்வி முடிவதற்குள் சரி என்றாள். அதற்கு முன் வந்த எந்த வரனுக்கும் அவள் அப்படிச் சொன்னதில்லை. இது கிடைக்காவிட்டால் வேறு எதுவும் வேண்டாம் என்பதை அம்மாவிடம் தனியாக, சமையலறையில், அரிவாள்மனையிலிருந்து கையை எடுக்காமல் சொல்லியும் வைத்தாள்.

கோதண்டராமனுக்கும் இதில் பெருத்த சந்தோஷம். முதல் நாளே கதவைச் சாத்திக்கொண்டு, மார்ட்டினுக்குத் தேதி வைத்து, இருவர் ஜாதகத்தையும் போட்டுப் பார்த்தார். பொருத்தம் உத்தமம், சந்தி இல்லை. பார்த்தார் என்பது ஊருக்குத் தெரியாது. மறுநாள் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால், தான் முன்கூட்டிப் பார்க்கவே இல்லை, சொந்தப் பெண் என்றாலும் முறை முறைதான் என்று காட்டிக்கொள்வதற்காக அதை ரகசியமாகவே வைத்துக்கொண்டார். தெருவில் நாலு பெரிய மனிதர்களையும் சாட்சிக்கு அழைத்திருந்தார். அவர்களில் மூன்று பேர் வீடுகளுக்கு மார்ட்டின் தீர்ப்புச் சொல்லியிருந்தது.

2008ஆம் வருஷம். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்பது எந்த ஜாதகத்திலும் இல்லாத காலம். ராஜாராம் குடும்பத்தோடு வேனில் வந்து இறங்கினார். கூடவே அவருடைய தங்கையும் இறங்கினார். சதுரங்கப்பட்டினத்து ஞானம்மாள். ஜெயகிருஷ்ணனுக்கு அவர் சொந்த அத்தை என்பது கோதண்டராமனுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. வணக்கம் சொன்னார். ஞானம்மாளும் சொன்னார். பழைய கதை எதையும் எடுக்கவில்லை. பஜ்ஜி நன்றாக இருப்பதாகக்கூடச் சொன்னார்.

பெண் வந்து வணங்கிவிட்டு உள்ளே போனாள். எல்லோருக்கும் திருப்தி. கோதண்டராமன் முறத்தைக் கவிழ்த்தார், மார்ட்டினை ஏற்றினார், பிள்ளையாரை ஒயர்மேல் வைத்தார். காலண்டரை எடுத்துத் தேதி வைத்தார். பிறந்த விவரங்களைத் தட்டி முடித்தபோது மின்விசிறி மெதுவாக நின்றது. கரண்ட் போய்விட்டது. பச்சைக் கட்டம் நிறைய இருந்தது. மார்ட்டின் ஒரு தடவை இருமி, கண்ணை மூடியது.

காத்திருந்தார்கள். பஜ்ஜி தீர்ந்தது. கேசரி தீர்ந்தது. வியர்வை மட்டும் தீரவில்லை. ராஜாராம் வேன் டிரைவரிடம் பேசப் போவது போல இரண்டு முறை வாசலுக்குப் போய் வந்தார். மூன்றாவது முறை வந்தபோது, "இன்னா அண்ணாத்த, ஒங்க மார்ட்டினு தூங்கிகினு கீறாரா, இல்ல செத்தே பூட்டாரா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கோதண்டராமனின் வாழ்க்கையில் மார்ட்டினைப் பார்த்து ஒருவர் சிரித்தது அதுவே முதல் தடவை. அவமானம் காது நுனிவரை ஏறியது. அந்தச் சமயம் பார்த்துக் கரண்ட் வந்தது. அவர் பட்டனை அழுத்தி, எஸ்கேப்பை அழுத்தி, விவரங்களை அப்படியொரு வேகத்தில் தட்டினார். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த விரல்கள். ஒரு பிழை கிடையாது. எல்லோரும் அந்த விரல்களையே பார்த்தார்கள். பிறகு தன் வழக்கப்படி திரையைத் திருப்பி, "நீங்களே படிச்சிக்குங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

காலண்டர் பையிலேயே இருந்தது.

ராஜாராம் எழுத்துக்கூட்டிப் படித்தார். நட்சத்திரப் பொருத்தம் உத்தமம். ரஜ்ஜுப் பொருத்தம் உண்டு. செவ்வாய் தோஷம் இல்லை. அடுத்த வரியில் அவர் குரல் இறங்கியது. இருவருக்கும் ஏழு மாதங்களுக்குள் ஒருங்கே திசை மாறுகிறது. கடுமையான தசா சந்தி. திருமணம் தவிர்க்கவும்.

கோதண்டராமன் கூரையிலிருந்து கண்ணை இறக்கினார். அவர் வாழ்நாளில் அதுவும் முதல் தடவை.

உள்ளே கதவோரம் நின்ற கண்ணகிக்கு, திரை இப்போது அவள் பக்கம் சாய்ந்திருந்ததால், மூலையில் இருந்த கடிகாரம் தெரிந்தது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியே கூடத்தில் கிடந்தது. மார்ட்டினில் நள்ளிரவு பன்னிரண்டு மணி சொச்சம்.

"அப்பா, தேதி," என்றாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண் வாயைத் திறப்பது அழகல்ல என்பதெல்லாம் அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

கோதண்டராமனுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் உயிர் வந்தது. கையைப் பைக்குள் விட்டுக் காலண்டரைத் தொட்டார். "ஒரு நிமிசம் சம்பந்தி. கரண்டு போய் வந்துச்சில்ல, அதுல தேதி..." என்று தொடங்கினார்.

"இன்னா தேதி?" என்று ஞானம்மாள் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பஜ்ஜிக்குச் சட்னி கேட்பது போலத்தான் கேட்டார்.

ஜெயகிருஷ்ணன் முன்னால் நகர்ந்து, பழைய மிஷின்களில் கரண்ட் போனால் தேதி மாறிவிடும், சரிசெய்து மறுபடி போட்டால் சரியான பலன் வரும் என்று தன் அத்தைக்கு விளக்கினான். நல்ல பிள்ளை. தனக்குச் சாதகமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் பேசினான்.

ஞானம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கோதண்டராமன் பக்கம் திரும்பினார்.

"எம்பொண்ணுக்குப் பாத்த அன்னிக்கும் கரண்டு போய்ட்டுத்தான் வந்துச்சு அண்ணாத்த. அன்னிக்குத் தேதி வச்சியா நீ?"

சாட்சிக்கு வந்த நாலு பெரிய மனிதர்களில் மூன்று பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் வீட்டில் மார்ட்டின் பார்த்த அன்று கரண்ட் இருந்ததா, போனதா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பது அவர்கள் புருவத்திலேயே தெரிந்தது.

கோதண்டராமனும் யோசித்தார். அன்றைக்கு வைத்தோமா? வைத்த மாதிரியும் இருந்தது, வைக்காத மாதிரியும் இருந்தது. இந்த ஊரில் எத்தனை முறை கரண்ட் போயிருக்கும், எத்தனை முறை அவசரப்பட்டிருப்போம். தேதி என்ற ஒரு சொல்லை இப்போது இவர்கள் முன்னால் முழுதாகச் சொல்லிவிட்டால், இன்றைக்கு மகள் பிழைப்பாள். நாளைக் காலை இந்தத் தெருவில் மார்ட்டின் வெறும் சாமான். அவர் கதவோரம் பார்த்தார். கண்ணகி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குத் தெரியும், அப்பா சொல்லிவிடுவார் என்ற நிம்மதி அவள் முகத்தில் இருந்தது. அந்த நிம்மதி இல்லாமல் இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பையிலிருந்து கையை வெறுமனே எடுத்தார்.

"தேதிக்கும் பலனுக்கும் சம்பந்தம் இல்லம்மா," என்றார். "மார்ட்டின் தப்பு சொல்லாது."

மூன்று பெரிய மனிதர்களும் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

ஜெயகிருஷ்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ராஜாராம் அவன் தோளில் கையை வைத்து எழுப்பினார். சொந்தப் பெண்ணுக்கே இல்லையென்று சொல்கிற மனுஷன், அவர் வாக்கை மீறி நமக்கென்ன அவசரம் என்று பொதுவாகச் சொன்னார். போகும்போது கோதண்டராமனை இரண்டு கையாலும் கும்பிட்டார்; வரும்போது ஒரு கைதான். ஞானம்மாள் மட்டும் உள்ளே போய், கண்ணகியின் தலையைத் தடவிவிட்டு வந்தார். அவர் கண்ணில் நீர் இருந்தது. அது எந்தப் பெண்ணுக்கானது என்று சொல்வதற்கில்லை.

அதற்குப் பிறகு கோதண்டராமனுக்கு வந்த பெயர் இருக்கிறதே, அது நல்லவர்களுக்கு மட்டுமே வாய்ப்பது. பெற்ற பெண்ணுக்கும் கணக்கு ஒன்றுதான் என்ற செய்தி கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ்ஸில் ஏறி, ஈ.சி.ஆர். வழியாகக் கேளம்பாக்கத்து ஃபிளாட்டுகள்வரை போனது. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள், தங்களிடம் பளபளவென்று இரண்டு லேப்டாப் இருந்தும், மார்ட்டினைத் தேடி ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் வந்தார்கள். இரண்டு மாதம் கழித்து ராஜாராமும் வந்தார். வெளியில் தேடுவானேன், தங்கை மகளே இருக்கிறாளே என்று ஜெயகிருஷ்ணனுக்கு ரேணுகாவைப் பேசியிருந்தார்கள். அன்றைக்குக் கரண்ட் இருந்தது. கோதண்டராமன் காலண்டரைப் பார்த்து, ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து, தேதி வைத்தார். திரையைத் திருப்பினார். உத்தமம். கல்யாணத்தில் அவருக்குத்தான் முதல் தாம்பூலம். சால்வை வேறு போர்த்தினார்கள். போட்டோவில் சால்வையோடு நிற்கிறார். மாப்பிள்ளை கேமராவைப் பார்க்கவில்லை.

கண்ணகிக்கு அதன் பிறகு வரன் வரவில்லை. காரணம் எளிது. பெற்ற அப்பனே வேண்டாமென்று சொல்கிற அளவுக்கு ஜாதகத்தில் என்னவோ இருக்கிறது என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. கோதண்டராமன் ஒன்றிரண்டு இடங்களில் தானே போய்ப் பேசிப் பார்த்தார். அவர்கள் மரியாதையாக மோர் கொடுத்து, "மார்ட்டினு சொன்னத நாங்க எப்டிங்க மீறுறது?" என்று கேட்டு அனுப்பினார்கள். ஜெராக்ஸ் கடைக்குக் கண்ணகி வழக்கம் போலப் போய் வந்தாள். அப்பாவோடு சண்டை போடவில்லை. ஒயரை மட்டும் அவள் அப்புறம் தொடவில்லை. அவர் ஏதாவது கேட்டால், சாப்பாடு ஆச்சா, மழை வருமா, எதைக் கேட்டாலும், "மார்ட்டினக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். குரலில் ஒன்றும் இருக்காது.

மார்ட்டின் இன்னும் இருமிக்கொண்டு இருக்கிறது. காலையில் வாடிக்கையாளர்கள் வருவதற்கு முன்னால் கோதண்டராமன் அதைத் திறந்து, எஸ்கேப்பை அழுத்தி, காலண்டரை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். முன்பெல்லாம் உடனே தேதியை மாற்றிவிடுவார். இப்போது கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார். திரையில் 1999 ஜனவரி ஒன்றாம் தேதி. அன்றைக்குக் கண்ணகிக்குப் பதினாறு வயது. கல்யாணத்துக்கு அவசரமே இல்லை. வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், தாளைப் பார்த்து, தேதி வைக்கிறார்.